பொத்தானுக்குள் ஒரு பனிப்புயல்

திரையில் ஒரு சிறுமி. உடம்பில் விலங்குத்தோல் அங்கி, முகத்தைச் சுற்றி மென்மயிர் வைத்த தலைமூடி. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு துருவ நரி. பொத்தானை அழுத்தினால் சிறுமி ஓடுகிறாள். நாலடி போவதற்குள் எதிர்க்காற்று வந்து மோதுகிறது. ஓட்டம் தளர்கிறது. காற்று இன்னும் வலுத்தால் அவள் பின்னால் தள்ளப்பட்டுப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறாள். பிழைக்க ஒரே வழிதான். காற்று சீறத் தொடங்கும் ஓசை காதில் விழுந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, குனிந்து, தரையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது ஓயும் சிறு இடைவெளியில் எழுந்து ஓட வேண்டும்.

வீடியோ கேம் என்றாலே வேகம் என்று பழகிய கைகளுக்கு இது புதுப் பாடம். இங்கே எப்போது நிற்பது என்று தெரிந்தவர்தான் முன்னேறுவார். 2014 நவம்பரில் வெளிவந்த இந்த விளையாட்டின் பெயர் 'நெவர் அலோன்'. இனுபியாக் மொழியில் அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: 'கிசிமா இங்கிட்சுங்கா'. நான் தனியாக இல்லை என்று பொருள். அலாஸ்காவின் வடபகுதியில் காலங்காலமாக வாழ்ந்துவரும் இனுபியாட் மக்களின் கதை இது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்து, திருத்தி உருவானது.

ஒரு பழங்குடியின் கதையை வீடியோ கேமில் வைப்பது எளிது என்று தோன்றும். உடையை வரைந்தால் போதாதா, பின்னணியில் முரசு ஒலித்தால் போதாதா? பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. 'நெவர் அலோன்' குழுவினர் கதையைக் கொண்டுபோய் வைத்த இடம் வேறு. விளையாட்டின் விதிகளுக்குள்ளேயே வைத்தார்கள்.

முதலில் அந்தக் காற்றையே எடுத்துக்கொள்வோம். கணினிக்குக் காற்று தெரியாது, எண்கள்தான் தெரியும். திரையில் ஓடும் காட்சி தனித்தனிப் படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு 'சட்டகம்', அதாவது ஃப்ரேம். நொடிக்கு 60 சட்டகம் ஓடும் விளையாட்டில், நீங்கள் ஒருமுறை கண் இமைப்பதற்குள் கணினி பல முறை முழுக்கணக்கையும் போட்டு முடித்திருக்கும். சிறுமி எங்கே இருக்கிறாள், எந்தத் திசையில் என்ன வேகத்தில் போகிறாள், புவியீர்ப்பு அவளை எவ்வளவு இழுக்கிறது, பனியின் வழுக்கல் எவ்வளவு என்று எல்லாம் அந்தக் கணக்கில் வரும். காற்று அதில் சேரும் இன்னொரு விசை. எதிரே வந்தால் வேகத்தில் கழியும், பின்னாலிருந்து வந்தால் கூடும். குனிந்திருந்தால் அந்த விசை அவளை அசைக்காது என்று ஒரு நிபந்தனை. கணக்கு இவ்வளவுதான்.

இந்தச் சின்னக் கணக்கிலிருந்து என்ன பிறக்கிறது என்பதுதான் வியப்பு. ஓரிடத்தில் பனிப்பாறைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி வரும். எவ்வளவு எம்பினாலும் எட்டாது. விளையாடுபவர் இரண்டு மூன்று முறை விழுந்து எழுவார். பிறகு ஒரு கணத்தில் பிடிபடும்: காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்போது குதித்தால் அது தூக்கிக்கொண்டுபோய் அக்கரையில் விட்டுவிடும். சற்று முன்னால் கொல்லப் பார்த்த அதே காற்று. யாரும் இதை எழுதிக் காட்டுவதில்லை. வானிலையைக் கவனி, அதோடு மல்லுக்கட்டாதே, அது இடம் கொடுக்கும்போது நகர் என்ற அறிவு கட்டைவிரல் வழியாக உள்ளே இறங்குகிறது.

அந்த அறிவுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்பது நிலத்தைப் பார்த்தால் புரியும். இனுபியாட் மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று உத்கியாக்விக். அமெரிக்காவின் வடகோடி ஊர் அது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நவம்பர் மூன்றாம் வாரம் மறையும் சூரியன் திரும்பத் தலைகாட்ட ஜனவரி கடைசி வாரம் ஆகிவிடும். ஏறக்குறைய 65 நாள் சூரியோதயமே இல்லை. இப்படியொரு நிலத்தில் கடல்பனியின் தடிமனையும் காற்றின் திசையையும் படிக்கத் தெரியாதவர் உயிரோடு வீடு திரும்ப முடியாது. அந்தப் படிப்புக்குக் கதைதான் பாடநூலாக இருந்தது. தொன்றுதொட்டு வரும் இத்தகைய நெடுங்கதைகளை இனுபியாக் மொழியில் 'உனிப்காக்' என்பார்கள்.

இந்த விளையாட்டு பிறந்த இடமும் எதிர்பாராதது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 'குக் இன்லெட் பழங்குடி மன்றம்' என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. பூர்வகுடிக் குடும்பங்களுக்குக் கல்வி, வேலைப் பயிற்சி, போதை மீட்பு போன்ற உதவிகளைச் செய்வது அதன் வேலை. அரசு மானியத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது, தங்களுக்கென்று ஒரு வருவாய் வேண்டும் என்று நினைத்தார்கள். அதன் தலைவர் குளோரியா ஓ'நீலும் அவருடைய சகாக்களும் வந்து நின்ற இடம் வீடியோ கேம். வருவாயும் வரும், பிள்ளைகள் ஏற்கெனவே நேரம் செலவிடும் இடத்துக்குத் தாத்தா பாட்டியின் கதையும் போய்ச் சேரும். இப்படி 2012இல் 'அப்பர் ஒன் கேம்ஸ்' தொடங்கியது. அமெரிக்காவில் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமான முதல் வணிக வீடியோ கேம் நிறுவனம் அதுதான். விளையாட்டை உருவாக்கும் தொழில்நுட்பத்துக்காக 'ஈ-லைன் மீடியா' என்ற நிறுவனத்தோடு கைகோத்தார்கள். ஒரு பழங்குடி நலச் சங்கம் விளையாட்டுத் தொழிலில் இறங்கிய இந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்து, எந்தக் கதை? அவர்கள் எடுத்தது 'குனூக்சாயுகா' என்னும் கதை. ஓயாத பனிப்புயல் ஊரைப் பட்டினி போடுகிறது. வேட்டைக்குப் போக வழியில்லை. புயல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பிள்ளை தனியே புறப்படுகிறது. அந்தப் பிள்ளை புயலின் ஊற்றுக்கண்ணில் எதைப் பார்த்தது என்பதை, விளையாடப் போகிறவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன். இந்தக் கதையைச் சொல்லி வைத்தவர் ராபர்ட் நஸ்ருக் கிளீவ்லாண்ட் என்ற பெருங்கதைசொல்லி. அவர் காலமாகிவிட்டார். ஆனாலும் கதை 'பொதுச்சொத்து' ஆகிவிடவில்லை. குழுவினர் அவருடைய மகள் மின்னி கிரேயைத் தேடிப் போய், உங்கள் தகப்பனார் சொன்ன கதையை இப்படிப் பயன்படுத்தலாமா என்று கேட்டு இசைவு வாங்கினார்கள். மூலக்கதையில் சிறுவன், விளையாட்டில் நுனா என்ற சிறுமி. கதை மாறியது, ஆனால் கேட்காமல் மாறவில்லை.

பதிப்புரிமைச் சட்டப்படி பார்த்தால் வாய்மொழிக் கதைக்குப் பெரும்பாலும் உரிமையாளர் யாரும் இல்லை. எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் கேட்காத ஒன்றை இவர்கள் செய்தார்கள். கதையை எழுதும் பொறுப்பில் இஷ்மாயேல் ஹோப் இருந்தார். இனுபியாக், டிலிங்கிட் ஆகிய இரண்டு பூர்வகுடி மரபுகளிலும் வேர் கொண்ட கவிஞர் அவர். படைப்பு இயக்குநர் ஷான் வெஸ்ஸி, பெரிய வணிக விளையாட்டுகளை உருவாக்கி அனுபவப்பட்டவர். மூத்தோர், கதைசொல்லிகள், ஊர்க்காரர்கள் என்று ஏறத்தாழ 40 பேர் பங்கெடுத்தார்கள். இந்த முறைக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் 'உள்சேர்த்த உருவாக்கம்' எனலாம். முடிந்த பிறகு காட்டி ஒப்புதல் வாங்குவது ஆலோசனை. முதல் கோடு இழுக்கும்போதே பக்கத்தில் உட்கார வைப்பது இது.

அப்படி உட்கார்ந்ததன் விளைவு விளையாட்டின் எலும்பிலேயே தெரிகிறது. இதில் நாயகன் ஒருவர் இல்லை. நுனாவும் நரியும் சமம். நுனாவால் கயிற்றில் ஏற முடியும், கனமான பொருளைத் தள்ள முடியும். நரியால் செங்குத்துச் சுவரில் எம்பி ஏற முடியும், சின்னப் பொந்துக்குள் நுழைய முடியும். ஒருத்தியால் முடியாததை மற்றது செய்யும். இரண்டு பேர் விளையாடினால் ஆளுக்கொரு பாத்திரம். தனியாக விளையாடினால் ஒரு பொத்தானை அழுத்தி மாறி மாறி இயக்கலாம். இதில் ஒரு கறாரான விதி உண்டு: இருவரில் எவர் இறந்தாலும் ஆட்டம் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். நரியைப் பலி கொடுத்துவிட்டு நுனா மட்டும் முன்னேற முடியாது. ஒன்றையொன்று சார்ந்துதான் வாழ்வு என்று அந்தச் சமூகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை ஒரு வசனமும் இல்லாமல் ஒரு விதியாக மாற்றிவிட்டார்கள்.

நீங்கள் இயக்காத நேரத்தில் மற்றப் பாத்திரத்தை இயக்குவது கணினி. இதுவும் லேசான காரியம் இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று அது ஊகிக்க வேண்டும், நிற்கத் தகுந்த இடம் எது, குதித்தால் எட்டுமா என்று பார்க்க வேண்டும், காற்றடிக்கும்போது தானாகக் குனிய வேண்டும். இதற்கு 'வழிதேடல்' என்று பெயர். நிலப்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளும் கோடுகளுமாகப் பிரித்து, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போக முடியும் என்று நொடிக்கு நொடி கணக்கிடுவது. ஓரிடத்தில் தடுமாறினாலும் நரி பள்ளத்தில் விழும், உங்கள் ஆட்டமும் முடியும். உண்மையில் பல இடங்களில் தடுமாறுகிறது. விமரிசகர்கள் அன்றே அதைக் குறை சொன்னார்கள், அந்தக் குறை நியாயமானதுதான். சார்ந்து வாழ்தலைப் பற்றிய விளையாட்டில் துணையே காலை வாரினால் எரிச்சல் வரும்.

நரிக்கு இன்னொரு திறமை இருக்கிறது. அது அருகில் வந்தால் வெறும் வெளியில் உருவங்கள் ஒளிவிடும். பறவையாகவோ மீனாகவோ மரக்கிளையாகவோ ஒரு துணை ஆவி தோன்றும். நுனா அதன்மேல் ஏறி நின்று அப்பால் போகலாம். நரி விலகினால் ஆவி மறையும், மேலே நிற்பவள் விழுவாள். விளையாட்டு நிரலில் ஒவ்வொரு திடப்பொருளையும் சுற்றி 'மோதல் எல்லை' என்ற கண்ணுக்குத் தெரியாத வேலி இருக்கும். பாத்திரத்தின் காலை அந்த வேலிதான் தாங்குகிறது. திரையில் தெரியும் படம் தாங்குவதில்லை. வேலியை எடுத்துவிட்டால் கல்லும் புகையாகிவிடும், வேலி போட்டால் புகையும் கல்லாகிவிடும். விலங்கு, மரம், காற்று என்று எல்லாவற்றிலும் உயிர்ப்பு உறைகிறது, பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அது புலப்படும் என்பது இனுபியாட் உலகப் பார்வை. அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கருவி அச்சிலோ சினிமாவிலோ கிடையாது என்பது என் எண்ணம். நூலில் அதைப் படிப்போம், திரைப்படத்தில் பார்ப்போம். இங்கே அந்த ஆவியின் முதுகில் கால் வைத்து நிற்கிறோம், நம்பவில்லையென்றால் விழுகிறோம்.

நுனாவின் கையில் கிடைக்கும் ஆயுதமும் கவனிக்கத் தக்கது. சில எடைகளைத் தனித்தனிக் கயிறுகளில் கட்டி, கயிறுகளின் மறுமுனைகளை ஒன்றாக முடிந்த கருவி. பறக்கும் பறவையை வீழ்த்தப் பயன்படுவது. சுழற்றி வீசினால் எடைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சக்கரம்போல் விரியும். ஒற்றைக் கல்லை எறிந்தால் குறி ஒரு விரல் தப்பினாலும் பறவை போய்விடும். விரிந்த கயிறுகளில் ஏதோ ஒன்று சிறகில் பட்டாலே மற்றவை வந்து சுற்றிக்கொள்ளும். கன்ட்ரோலரில் குமிழைப் பின்னால் இழுத்து விட்டால் அந்த வீச்சு வருகிறது.

வானத்தில் ஆடும் பச்சை ஒளித்திரைக்கும் இதில் பாத்திரம் உண்டு. அறிவியல் சொல்லும் விளக்கம் நமக்குத் தெரியும்: சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்களோடு மோத, அவை பச்சையாக ஒளிர்கின்றன. இனுபியாட் பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் விளக்கம் வேறு. தலைமூடி போடாமல் வெளியே போனால் அந்த ஒளி கீழே இறங்கி வந்து உன் தலையைக் கொய்து பந்தாடும்! பயங்கரமான கதைதான். ஆனால் எச்சில் துப்பினால் உறையும் குளிரில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எந்த அறிவுரை அதன் தலைமூடியைச் சரியாக இழுத்துவிடும்? விளையாட்டில் அந்த ஒளிகள் பச்சை உருவங்களாகப் பாய்ந்து வந்து நுனாவைத் தூக்கிப்போகப் பார்க்கும். அவை வரும் தாளத்தைக் கணித்துப் பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டும்.

விளையாடிக்கொண்டே போகும்போது ஆங்காங்கே ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கும். அதை நெருங்கினால் ஒரு சின்ன ஆவணப்படம் திறக்கும். மொத்தம் 24. வடதுருவ ஒளியைப் பற்றி, முரசைப் பற்றி, கதைகளில் வரும் குட்டி மனிதர்களைப் பற்றி, கடல்பனியைப் பற்றி இனுபியாட் மக்களே தங்கள் வாயால் பேசுகிறார்கள். புனைவின் நடுவே நிஜ முகங்கள் வந்தால் ஓட்டம் தடைப்படும் என்று தோன்றலாம். எனக்கு அவைதான் விளையாட்டின் உயிர்நிலை. பச்சை ஒளியிடம் தப்பி மூச்சு வாங்கும் நேரத்தில், அந்தக் கதைக்குப் பயந்து வளர்ந்த ஒருவர் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லக் கேட்கிறோம்.

காட்சிக்கும் குரலுக்கும் இதே கவனம். நிகழ்ச்சிகளுக்கு இடையே கதை சொல்லும் படங்கள், வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தத்தில் கோடு கீறிக் கருமை ஏற்றும் அவர்களுடைய செதுக்குக் கலையின் சாயலில் வரையப்பட்டவை. கதை சொல்லும் குரல் ஜேம்ஸ் மூமிகன் நகியாக் என்ற முதியவருடையது. அவர் பேசுவது முழுக்க முழுக்க இனுபியாக் மொழி. நாம் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். அந்த மொழியைச் சரளமாகப் பேசுவோர் மிகக் குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர். உலகச் சந்தைக்குப் போகும் பொருளுக்கு ஆங்கிலக் குரல்தான் லாபம் என்று எந்த விற்பனையாளரும் சொல்லியிருப்பார். அதைக் கேட்காமல் விட்டதால், பல நாட்டுப் பிள்ளைகளின் காதில் அந்த மொழி விழுந்தது.

இதே இனுபியாட் மக்களின் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கு இருபதாண்டு முன்பே செய்த ஒரு காரியத்தையும் சொல்லாமல் போக முடியவில்லை. இனுபியாக் மொழியில் எண்ணுவது பத்துப் பத்தாக அன்று, இருபது இருபதாக. அதற்குள் ஐந்து ஐந்தாக உட்பிரிவு. கைவிரலும் கால்விரலும் சேர்ந்த கணக்கு. பள்ளியில் கிடைத்ததோ பத்து அடிப்படையிலான இலக்கங்கள். 1994இல் கக்டோவிக் என்ற தீவுக் கிராமத்தின் நடுநிலைப் பள்ளி மாணவர்கள், நம் எண்ணுக்கு நாமே இலக்கம் செய்வோம் என்று உட்கார்ந்தார்கள். ஒன்று முதல் நான்குவரை கீழே கோணல் கோடுகள், ஒவ்வொரு ஐந்துக்கும் மேலே ஒரு கிடைக்கோடு. ஏழு என்றால் மேலே ஒன்று, கீழே இரண்டு. இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. 7, 5, 2 என்ற வடிவங்களைப் பார்த்தால் ஐந்தும் இரண்டும் ஏழு என்று தெரியவே தெரியாது, மனப்பாடம் செய்ய வேண்டும். இவர்களுடைய இலக்கத்தில் ஐந்தின் கோட்டையும் இரண்டின் கோடுகளையும் சேர்த்து வரைந்தாலே ஏழு வந்துவிடும். கூட்டல் கண்ணுக்குத் தெரிகிறது. உலகக் கணினிகளின் எழுத்துத் தொகுப்பான யூனிகோட், 2022இல் இந்த இலக்கங்களுக்கும் இடம் கொடுத்தது.

திரும்ப விதிகளுக்கு வருவோம். இயன் போகாஸ்ட் என்ற ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட நூலில், விளையாட்டு தன் கருத்தைச் சொல்வது வசனத்தால் மட்டுமல்ல, விதிகளாலும்தான் என்று வாதிட்டார். இதைத் தமிழில் 'விதிவழி வாதம்' எனலாம். எதற்கு மதிப்பெண், எது குறைந்தால் தோல்வி, எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பதெல்லாம் ஒரு தரப்பின் பேச்சு. அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறைகள் விளையாடிய 'ஆரெகன் டிரெயில்' 1971இல் பிறந்தது. அதில் நீங்கள் மேற்கு நோக்கிப் போகும் குடியேறி. எருது எத்தனை, உணவு எவ்வளவு, தோட்டா எத்தனை என்று எண்ணிக்கொண்டே மாட்டுவண்டியை ஓட்ட வேண்டும். வழியில் இருக்கும் நிலம் கடக்க வேண்டிய தூரம். அது யாருடைய நிலம் என்று கேட்க அந்தக் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை.

2019இல் 'வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்' என்ற விளையாட்டு அந்த வண்டிப் பாதையை மறுபக்கத்திலிருந்து காட்டியது. எலிசபெத் லாபென்சே என்ற படைப்பாளியின் தலைமையில் இருபதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதியது. காலம் 1890கள். நீங்கள் மினசோட்டாவில் நிலத்தை இழந்து கலிஃபோர்னியாவரை அலையும் அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவர். இங்கே எண்ணப்படுவது தோட்டா அல்ல. உடல், மனம், உணர்வு, ஆன்மா என்று நான்கு நலன்கள். வயிறு நிறைந்திருந்தாலும் ஆன்மா வற்றினால் பயணம் முடிந்துபோகும். நிலம் போனதற்குக் காரணம் 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம். குலத்தின் பொதுநிலத்தை ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று துண்டுபோட்டு, மிச்சத்தைக் குடியேறிகளுக்கு விற்ற சட்டம் அது. அந்த ஆண்டில் பூர்வகுடிகளிடம் 13 கோடியே 80 லட்சம் ஏக்கர் இருந்தது. 1934இல் எஞ்சியது 4 கோடியே 80 லட்சம். ஜெர்மனி நாட்டின் அளவுக்கு நிலம் 47 ஆண்டில் கைமாறியிருக்கிறது. இதை வரலாற்று நூலில் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிடலாம். ஊர் ஊராக நடந்து, அங்கங்கே நிலத்தரகரையும் அதிகாரியையும் எதிர்கொண்டு, குறையும் நலனைப் பார்த்துக்கொண்டே விளையாடும்போது அப்படிக் கடக்க முடியாது.

எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதைக் காட்டாமல் விடுவது என்பதும் பெரிய கலை. 2012இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட் 3' பெருநிறுவனத் தயாரிப்பு. அதன் நாயகன் மோஹாக் என்று வெளியார் அழைக்கும் கனியன்கெஹாகா என்ற பூர்வகுடி இனத்தவன். தயாரிப்பாளர்கள் கனடாவின் கானவாகே ஊரைச் சேர்ந்த தாமஸ் டியர் என்ற பண்பாட்டு அலுவலரிடம் ஆலோசனை கேட்டார்கள். சடங்குகளுக்குரிய முகமூடிகளை விளையாட்டில் வைக்க முதலில் திட்டம் இருந்தது. அவை வெளியார் பார்வைக்கு உரியவை அல்ல என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். விளையாடும் லட்சக்கணக்கானோருக்கு அந்த வெற்றிடம் தெரியவே தெரியாது. அதே கானவாகேயில் ஜேசன் எட்வர்ட் லூயிஸ், ஸ்கவெனாட்டி ஆகிய இருவரும் நடத்திய 'ஸ்கின்ஸ்' பட்டறையில், பள்ளி மாணவர்கள் மூத்தோரிடம் கேட்ட கதைகளைத் தாங்களே நிரல் எழுதி விளையாட்டாக்கினார்கள்.

காட்டாமல் விடுவதை ஒரு மென்பொருளாகவே ஆக்கியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் ஊரில் வாழும் வருமுங்கு மக்கள், தங்கள் பழைய ஒளிப்படங்களையும் பதிவுகளையும் சேமிக்க ஒரு மின்னணுக் காப்பகம் கேட்டார்கள். இணையத்தில் பெரும்பாலானவை எல்லாருக்கும் திறந்திருக்கும். அவர்களுடைய மரபில் அப்படி இல்லை. சில படங்கள் பெண்களுக்கு மட்டும், சில ஒரு குடும்பத்துக்கு மட்டும், சில குறிப்பிட்ட நிலத்துக்கு உரியவர்களுக்கு மட்டும். இறந்தவர் படத்தை உறவினர் எதிர்பாராமல் பார்க்க நேரக் கூடாது. கிம்பர்லி கிறிஸ்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய 'முகுர்து' மென்பொருளில், உள்ளே நுழைபவர் யார், எந்தக் குடும்பம், எந்த நிலம் என்பதைப் பொறுத்துக் காப்பகமே மாறிக் காட்சியளிக்கும். இன்று பல நாட்டுப் பழங்குடிச் சமூகங்கள் இதை இலவசமாக எடுத்துப் பயன்படுத்துகின்றன.

'நெவர் அலோன்' 2015இல் பிரிட்டனின் பாஃப்டா விருதை, சிறந்த அறிமுக விளையாட்டுக்காகப் பெற்றது. மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன விளையாட்டு. பின்னர் கைபேசிக்கும் வந்தது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், நரியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆந்தைகளைத் தவறவிடாதீர்கள். இனி ஏதேனும் ஒரு மக்களினத்தின் கதையைச் சொல்வதாக எந்த விளையாட்டோ படமோ வந்தாலும், கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலை நிறுத்திப் படியுங்கள். அந்த மக்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா, இருந்தால் நன்றிப் பட்டியலில் இருக்கின்றனவா, எழுதியவர் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.